நண்டு விளையாட்டு

சூரை மீன் வரும் மாதங்களில் எங்கள் துங்காங் துறைமுகத்தில் யாருக்கும் உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. ஐஸ் வியாபாரம் செய்கிற எனக்குச் சொல்லவே வேண்டாம். விடிவதற்குள் ஐஸை உடைத்துப் பெட்டிகளில் கொட்டி லாரியில் ஏற்றியாக வேண்டும். ஏலம் முடிந்ததும் காலிப் பெட்டிகள் மீன் நாற்றத்தோடு திரும்பி வரும். கழுவிப் பின்முற்றத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைப்போம். ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்குப் பெரிய பெட்டிகள் அவை, கெட்டி மூடி போட்டவை. என் வீட்டுக்காரர் கப்பலில் வேலைக்குப் போகிறவர். வருஷத்தில் பாதி அவர் முகத்தைப் பார்க்கிறதே இல்லை. ஆகவே இந்தச் சுமை முழுக்க என் தலையில்தான்.

பின்முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சியூ-சின் நடத்தும் குழந்தைப் பள்ளி. கீழே பள்ளி, மேலே அவர்கள் வீடு. சுவரில் ஒரு கதவு உண்டு. சமையலுக்கு ஐஸ், மீன் என்று என்னிடம் வாங்கிப் போக வைத்த கதவு அது. பிறகு அதற்கு வேறு உபயோகம் வந்தது.

அந்த உபயோகத்தின் பெயர் ரியானா. தென்னாப்பிரிக்காவில் சோளம் விளைகிற ஏதோ ஒரு ஊர்க்காரி. பனைமரம் மாதிரி உயரம், சோளக்குஞ்சம் மாதிரி முடி. குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வந்தவள். பெரிய பிள்ளைகளின் டியூஷன் வகுப்பில் வெளிநாட்டவர் ஆங்கிலம் சொல்லித் தரலாம், குழந்தைப் பள்ளியில் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஆனால் வெள்ளை முகம் இல்லாத குழந்தைப் பள்ளியில் எந்த அம்மாவும் பிள்ளையைச் சேர்க்க மாட்டாள். ஆகவே எல்லோரும் வைத்திருந்தார்கள், எல்லோரும் ஒளித்தார்கள். சோதனைக்காரர்கள் வந்தால் டீச்சர் பின்வாசல் வழியாக ஓடிவிட வேண்டும். சிலர் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்பார்கள். ரியானாவுக்கு என் வீட்டு மாடி.

சியூ-சினின் புருஷன் குவோ-பின் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நானும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷர், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்று கால். மனைவியின் பள்ளி வருமானத்தில்தான் அந்த வீடு நிற்கிறது என்றாலும் ரியானா செய்கிற வேலையை வேலை என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. சாயங்காலம் என் கடை வாசலில் மீனுருண்டை சூப்போடு உட்கார்ந்தால் இதே பேச்சுதான்.

"பாட்டுப் பாடிக் குதிச்சா அது பாடமா யின் அக்கா? பரீட்சை வச்சாளா? தப்பத் திருத்தினாளா? அவ ஊர்ல டிராக்டர் கம்பெனியில கணக்கெழுதிட்டு இருந்த பொண்ணு. இங்க வந்து இறங்கினதும் டீச்சர். மூஞ்சிதான் சர்டிபிகேட்டு."

"உங்க கணக்குப் பாடத்துக்கு எந்தப் பிள்ளையாவது காலையில வாசல்ல வந்து காத்துக்கிட்டு நிக்குதா?" என்பாள் சியூ-சின்.

"பல் டாக்டர் வாசல்லயும் யாரும் ஆசையா நிக்க மாட்டான். அதுக்காக அவர் டாக்டர் இல்லையா? அட, அரசாங்கமே அது பாடமில்லேன்னு சொல்லிருச்சு. நான் என்னத்தச் சொல்ல."

அவர்களுடைய மகள் பெய்-ஹான், வீட்டில் ஹான்ஹான், அப்போது இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து என் கிண்ணத்திலிருந்து மீனுருண்டை திருடிக்கொண்டிருப்பாள். ஐந்து வயது. அவளும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். ரியானா எங்கே போனாலும் பின்னாலேயே போவாள்.

ஒருநாள் ரியானாவிடமே கேட்டேன், வாத்தியார் இப்படிப் பேசுகிறாரே, கோபம் வராதா என்று. அவளுக்கு எங்கள் பேச்சு ஓரளவு வரும், ஆனால் நின்று நின்றுதான் வரும். "அவர் சொல்றது சரியா இருக்கலாம் அக்கா. எங்க அம்மா ஊர்ல ஸ்கூல் டீச்சர். அவங்களும் அதேதான் கேக்கறாங்க. எப்ப நிஜ வேலைக்குப் போகப்போறேன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினேன்.

ஒளிகிறதில் ஒரு சிக்கல் இருந்தது. ரியானா எழுந்து ஓடினால் பிள்ளைகள் அழும், பின்னாலேயே ஓடும், டீச்சர் எங்கே என்று ஊரைக் கூட்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளி இப்படித்தான் மாட்டிக்கொண்டது. சியூ-சின் யோசித்து ரியானாவிடம் சொன்னாள், இதையும் நீயே ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிடு என்று. அப்படி வந்தது நண்டு விளையாட்டு.

தெருவில் குப்பை வண்டி போட்டுக்கொண்டு வருகிற பாட்டு பள்ளி ஒலிபெருக்கியில் கேட்டதும் எல்லோரும் நண்டு. நண்டு உடனே வளைக்குள் போய்விட வேண்டும். மேசைக்கடியில், திரைக்குப் பின்னால், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. சத்தம் கூடாது. யார் கூப்பிட்டாலும் வெளியே வரக்கூடாது. பிரின்சிபால் கூப்பிட்டாலும், அம்மா அப்பா கூப்பிட்டாலும், அது நண்டைப் பிடிக்க வந்த நாரையின் தந்திரம். ரியானா ஆங்கிலத்தில் ராகமாக, நண்டுகளே வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டால் மட்டும், வந்துட்டோம் என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டு வரவேண்டும். யாராவது வெளிநாட்டு டீச்சரைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு வாக்கியமும் உண்டு. அதைச் சியூ-சின் எழுதிக் கொடுத்தாள், ரியானா கைதட்டிக் கைதட்டி மனப்பாடம் செய்வித்தாள். சோதனைக்காரர் யாருக்கும் குப்பை வண்டிப் பாட்டில் சந்தேகம் வராது என்பது சியூ-சினின் கெட்டிக்காரத்தனம்.

கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சாயங்காலம் நிஜக் குப்பை வண்டி தெருவுக்கு வரும்போதும் பிள்ளைகள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்துகொண்டன. அம்மாக்கள் குப்பைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிக்கு ஓடுவதா பிள்ளையை இழுப்பதா என்று தவித்தார்கள். தெருவே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த பெய்-ஹானைக் காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அப்பா கூப்பிட்டால் வராத பிள்ளையாக ஆக்கியிருக்கிறாளே, இதுதான் அவள் சொல்லிக்கொடுத்த பாடம் என்று என்னிடம் வந்து பொருமினார்.

சோதனை வந்த அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே மழை. லாரிக்காரன் சிங்-ஃபா ஒரு நடை ஐஸ் கொண்டுபோய்விட்டு, காலிப் பெட்டிகளை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, வெற்றிலைப்பாக்கு மென்றுகொண்டிருந்தான். பெட்டிகளை அப்போதுதான் கழுவி மூடி போட்டிருந்தேன், இன்னும் அடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குப்பை வண்டிப் பாட்டு கேட்டது. காலை நேரத்தில் எந்தக் குப்பை வண்டியும் வராது. எனக்குப் பகீரென்றது.

கதவைத் திறந்துகொண்டு ரியானா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். நேராக என் மாடிப்படியில் ஏறிவிட்டாள். அவளுடைய பையையும் போனையும் சியூ-சின் அரிசித் தொட்டிக்குள் தள்ளியிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. நான் முற்றத்தை விட்டுக் கடைமுகப்புக்குப் போய் ஒன்றுமே நடக்காததுபோல ஐஸ் உடைக்க ஆரம்பித்தேன். சோதனைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். வயதான ஒரு அம்மாள், குடை பிடித்த ஒரு இளைஞன். பள்ளி வாசலில் அவர்கள் ஷூ கழற்றுவதைப் பார்த்தேன். பிடிபட்டால் ரியானாவை நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். பள்ளியை மூடிவிடுவார்கள். அந்த வீட்டுக்கு வேறு என்ன இருக்கிறது?

கொஞ்ச நேரத்தில் சியூ-சின் என் முன்னால் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக, உதடு மட்டும் அசைகிற மாதிரிப் பேசினாள்.

"அக்கா, ஹான்ஹான் இங்க வந்தாளா?"

பாட்டு போட்ட நேரத்தில் பெய்-ஹான் பின்பக்கம் கழிப்பறைக்குப் போயிருந்தாள். வகுப்பில் மற்ற நண்டுகள் எல்லாம் மேசைக்கடியில் இருந்தன. அவள் மட்டும் இல்லை. கழிப்பறையில் இல்லை, சமையலறையில் இல்லை, மாடியில் இல்லை. சுவர்க்கதவு திறந்து கிடந்தது.

அந்தக் கதவைத் தாண்டினால் என் முற்றம். முற்றத்தின் அந்தக் கோடியில் வாய்க்கால். மழையில் அது நுரைத்துக்கொண்டு ஓடிற்று.

இருவரும் தேடினோம். வாய்க்கால் ஓரமாக ஓடினேன், கால் வழுக்கி விழுந்து எழுந்தேன். ஐஸ் அறையைத் திறந்து பார்த்தேன். சியூ-சின் மகளின் பெயரை முதலில் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டாள், பிறகு வாய்விட்டு. மழைச் சத்தத்தைத் தவிர ஒரு பதிலும் இல்லை. வாத்தியாருக்கு அவளே போன் செய்தாள். அவருடைய பள்ளி பக்கத்துத் தெருதான். சட்டை முழுக்கச் சுண்ணக்கட்டித் தூளும் மழையுமாக அவர் ஓடி வந்தார்.

ஒரு வகுப்பையே அடக்குகிற குரல் அவருக்கு. அந்தக் குரலில், "பெய்-ஹான், வெளிய வா" என்று கத்தினார். அது பலிக்கவில்லை. அடிப்பேன் என்றார். பிறகு, அடிக்க மாட்டேன் வா கண்ணு என்றார். பிறகு வெறும் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே போனார். அந்த மனுஷர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தில் சோதனைக்கு வந்த அம்மாளும் இளைஞனும் பின்பக்கம் வந்துவிட்டார்கள். பிள்ளையைக் காணோம் என்றதும் அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

அப்போதுதான் எனக்குப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. நான் முன்னால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சிங்-ஃபா முற்றத்தை ஒழுங்குபடுத்தியிருந்தான். பெட்டிமேல் பெட்டியாக அடுக்கி, அடுத்த நடைக்குப் பாதியை லாரியிலும் ஏற்றியிருந்தான். மூடி கெட்டி. மேலே இன்னொரு பெட்டி உட்கார்ந்தால் காற்றே போகாது. நான் கத்திய கத்தலில் அவன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வந்தான். லாரியில் ஏறி ஒவ்வொன்றாகத் திறந்தோம். காலி. கீழே அடுக்கின் மேல்வரிசையைத் திறந்தோம். காலி. கீழ்வரிசைப் பெட்டிகளைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டோம், பதில் இல்லை. "மேல பெட்டி இருக்கறப்ப புள்ள எப்படிக்கா உள்ள போகும்?" என்றான் சிங்-ஃபா. அது சரிதானே என்று எல்லோரும் மறுபடி வாய்க்காலைப் பார்த்துத் திரும்பினோம். அடுக்குவதற்கு முன்பே பிள்ளை உள்ளே புகுந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பயம் வந்தால் மனுஷருக்குப் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது.

நான் சியூ-சினின் காதில் சொன்னேன், மாடியில் இருப்பவள் கூப்பிட்டால்தான் அது வரும் என்று. அவள் என் கையை இறுகப் பிடித்தாள். சோதனைக்கார அம்மாளைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுக்கா. அவங்க போயிருவாங்க," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தன் வாயைத் தானே அடித்துக்கொண்டு, "ஐயோ, நான் என்ன பேசறேன். போ, போய்க் கூட்டிட்டு வா," என்று என்னைத் தள்ளினாள்.

நான் போக வேண்டியிருக்கவில்லை. வாத்தியார் கத்திய குரல், மழையில் பெயர் தெளியாவிட்டாலும், மாடிக்குக் கேட்டிருக்க வேண்டும். ரியானா படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். வேண்டாம், அவர்கள் நிற்கிறார்கள் என்று கையால் ஜாடை காட்டினேன். அவளைக் கூட்டிவரப் புறப்பட்டவள் நானேதான், கை மட்டும் பழைய வழக்கத்தில் தடுத்தது.

"எந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

பெயரைச் சொன்னேன். மழையில் முற்றத்தின் நடுவில் போய் நின்று, அந்த ராகத்தில் கூப்பிட்டாள். முதல் தடவை குரல் உடைந்துவிட்டது. இரண்டாவது தடவை பாட்டு சரியாக வந்தது. பயமே இல்லாதவள்போல, விளையாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். அந்தக் குரலில் பயத்தை எங்கே ஒளித்தாளோ.

அடுக்கின் அடியிலிருந்து, சுவரோரப் பெட்டிக்குள்ளிருந்து, தூக்கத்தில் பேசுகிற மாதிரி ஒரு சின்னக் குரல் ஆங்கிலத்தில் பதில் சொன்னது.

மேல்பெட்டியைத் தூக்கி எறிந்தவர் வாத்தியார். எங்கிருந்து அந்த பலம் வந்தது என்று தெரியவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பெய்-ஹான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கி மழையில் நிறுத்தியதும் பெரிதாக மூச்சு வாங்கினாள். நாங்கள் தட்டியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அப்பா கூப்பிட்டது, அழுதது எல்லாம் கேட்டிருக்கிறது. நாரையின் தந்திரம் என்று இருந்துவிட்டாள்.

சியூ-சின் அவளை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சோதனைக்கார அம்மாள் வாய்க்காலிலிருந்து ஏறி வந்து, சேறு ஒட்டிய காலோடு பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவள் குரல் கடுமையாக இல்லை. அதனாலேயே எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"பாப்பா, இந்த அக்காவ உனக்குத் தெரியுமா?"

பெய்-ஹான் ரியானாவை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"தெரியாது. எங்க பள்ளிக்கூடத்துல வெளிநாட்டு டீச்சர் யாரும் இல்ல."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்கிற மாதிரி மறுபடி ரியானாவையே பார்த்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒத்துக்கொள்கிறேன், வந்தது. சியூ-சினும் கண்ணை மூடிக்கொண்டாள். தப்பித்தோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ரியானாவின் முகம் மட்டும் அறை வாங்கினவள் முகம்போல ஆகிவிட்டது. அவள் சேற்றில் மண்டியிட்டாள். பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். ராகம் இல்லை, கைதட்டல் இல்லை. பெரியவர்களிடம் பேசுவதுபோல வேகமாக, நீளமாகப் பேசினாள். பெய்-ஹான் இடையில் ஒன்று கேட்டாள், அதுவும் ஆங்கிலத்தில். ரியானா அதற்குப் பதில் சொன்னாள்.

எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. குடைக்கார இளைஞன் அந்த அம்மாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிரின்சிபால் சியூ-சினுக்கே விளங்கவில்லை. வாத்தியார் மகளிடம் குனிந்து, "என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டார்.

பெய்-ஹான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் பேச்சில் எடுத்துச் சொன்னாள்.

"நண்டு விளையாட்டு இனிமே கிடையாதாம். அது தப்பான பாடமாம். அவங்கதான் தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்களாம். அப்பா கூப்பிட்டா உடனே வரணுமாம். தெரிஞ்சவங்களத் தெரியாதுன்னு சொல்லக் கூடாதாம், அவங்களக் காப்பாத்தறதுக்குன்னாலும் சொல்லக் கூடாதாம். நான் கேட்டேன், உண்மையச் சொன்னா உங்களக் கூட்டிட்டுப் போயிருவாங்களான்னு. ஆமா போவாங்க, ஆனா நீ பெட்டிக்குள்ள இருக்கறதவிட அது பரவாயில்லைன்னு சொன்னாங்க."

ஐந்து வயதுப் பிள்ளை. ரியானா இங்கே பாடம் நடத்தினாள் என்பதற்கு இதற்குமேல் ஒரு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை.

சோதனைக்கார அம்மாள் வெகுநேரம் தன் சேற்றுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து, பிள்ளையைக் கேட்காமல், வாத்தியாரைக் கேட்டாள்.

"நீங்க அரசாங்கப் பள்ளிக்கூட வாத்தியார். பாடம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். எல்லா இடத்துலயும் எங்ககிட்ட ஒண்ணு சொல்லுவாங்க. தெரிஞ்சவங்க வீட்டுக்கு வந்தாங்க, பிள்ளைங்களோட சும்மா பாட்டுப் பாடி விளையாடினாங்க, அது பாடம் இல்லேன்னு. நீங்க அப்படிச் சொன்னா அப்படியே எடுத்துக்கறேன் சார்."

வாசலைத் திறந்துவிட்டு, போ என்று விலகி நிற்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. சியூ-சினுக்கும் புரிந்தது. "சொல்லுங்க," என்று புருஷனின் ஈரச்சட்டையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை காலமாக என் கடை வாசலில் உட்கார்ந்து அவர் சொன்னதைத்தானே சொல்லச் சொல்கிறார்கள். ஒரு வாக்கியம். பள்ளி பிழைக்கும், வீடு பிழைக்கும், ரியானாவும் நாளைக்கு வகுப்புக்குப் போவாள். சொல்லித் தொலையேன் மனுஷா என்று நானும் மனசுக்குள் கெஞ்சினேன்.

வாத்தியார் வாயைத் திறந்தார். மகள் அவர் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மகளின் ஈரத் தலையில் கை வைத்தார். அவர் பயந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"பாடம்தான் நடத்தினாங்க மேடம்," என்றார். "என் பிள்ளைக்கு இவங்கதான் டீச்சர்."

சியூ-சினின் கை அவர் சட்டையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ரியானாவுக்கு அந்த அளவு எங்கள் பேச்சு விளங்கும். அவள் சேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை.